ஏகாம்பரம் கேட்ட ஏழு ஹார்ட்

“ஏழு ஹார்ட்டு” என்றார் அவர்.

டீக்கடையில் “ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை கம்மி” என்று சொல்கிற அதே குரல். சொல்லிவிட்டுக் கையிலிருந்த சீட்டுகளை மேசை மேல் குப்புற வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேர். மற்ற மூன்று பேரும் அவரவர் சீட்டை மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொண்டோம்.

விழுப்புரத்தில் எங்கள் மனமகிழ் மன்றத்தின் பின்பக்க அறை அது. ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஜங்ஷனிலிருந்து கிளம்பிய சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சீட்டு பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தோம். எல்லோர் கழுத்திலும் வேர்வை.

ஏழு கேட்டவர் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம். அவருக்கு எதிரே, அவருடைய ஜோடியாக உட்கார்ந்திருந்தவள் நான்.

இந்தத் தொடரில் இதுவரை பெரும்பாலும் சிரிக்கிற சங்கதிகளாகத்தான் எழுதி வந்தேன். நானும் மாமியாரும் குக்கர் விசிலுக்காகச் சண்டை போட்டதைப் படித்துவிட்டு, “எங்க வீட்டுக் கதையை உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டவர்கள் உண்டு. இந்த வாரம் சிரிப்பு வராது, மன்னிக்க வேண்டும். எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு

ஆயுள் பூராவும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். நாலு வரியில் முடித்துவிடுகிறேன்.

பிரிட்ஜ் நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கொரு சீட்டு போட, பெரிய சீட்டு போட்டவருக்கு அந்தப் பிடி, அடுத்த சுற்றை இறக்குவதும் அவர்தான். இறங்கிய இனம் கையில் இல்லாதவர் வேறு எதை வேண்டுமானாலும் எறியலாம், துருப்பை எறிந்தால் அது எல்லாவற்றையும் வெட்டும். ஆடத் தொடங்கும் முன்னால், இந்த இனம் துருப்பு, இத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும். கேட்கிற எண்ணோடு ஆறைக் கூட்டினால் வருகிறதுதான் பிடிக் கணக்கு; ஏழு கேட்டால் பதின்மூன்று பிடியையும் எடுத்தாக வேண்டும். ஒன்று கைவிட்டுப் போனாலும் தோல்வி. கிராண்ட் ஸ்லாம் என்பார்கள். காலமெல்லாம் ஆடியும் ஒரு தடவைகூட அதைக் கேட்கத் துணியாதவர்களை எனக்குத் தெரியும்.

ஏலம் எடுத்தவரின் ஜோடிக்கு அந்த ஆட்டத்தில் வேலை கிடையாது. தன் சீட்டுகளை எல்லோரும் பார்க்க மேசையில் விரித்து வைத்துவிட்டு, இவர் சொல்கிற சீட்டை எடுத்துப் போட வேண்டியதுதான். வாயைத் திறக்கக் கூடாது. கண்ணைக்கூடக் காட்டக் கூடாது. அவருக்கு டம்மி என்று பெயர். அன்றைக்கு டம்மி நான்.

கதவைச் சாத்திக்கொண்டு

கல்யாணமான புதிதில் அவருக்கு விழுப்புரத்தில் வேலை. பொதுப்பணித் துறையில் ஏரி மதகுகளைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர். மன்றத்தில் பிரிட்ஜுக்கு நாலாவது ஆள் கிடைக்காமல் பல ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகப் போகும். ஒருநாள் கடுப்பாகித் திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, “நீ கணக்கு படிச்சவதான, மங்கை? வா, குந்து” என்றார்.

குவார்ட்டர்ஸில் கட்டில் மேல் சீட்டைப் பரப்பிச் சொல்லிக் கொடுத்தார். அங்கேயும் மின்விசிறி ஓடாதுதான். வேர்வையில் சீட்டு விரலோடு ஒட்டும். ஒவ்வொன்றையும் வாங்கி வேட்டியில் ஒற்றி ஒற்றி அடுக்குவார்.

“கதவ சாத்திக்கினு இன்னாதான் பண்றாங்கன்னு பாத்தா, ரெண்டும் சீட்டு ஆடிக்கினு கெடக்குதுங்க!” என்று என் மாமியார் பக்கத்து வீட்டில் போய்ப் புலம்பினார். அவர் எதிர்பார்த்தது வேறு விசேஷத்தை.

மன்றத்தில் ஒரு பொம்பளை வந்து சீட்டு ஆடுவதா என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். “அவ இல்லன்னா நானும் இல்ல” என்றார் அவர். அத்தோடு பேச்சு முடிந்தது. மன்றத்தில் இன்றுவரை எனக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

அவர் ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆசைப்பட்டு எதையும் கேட்கமாட்டார். மதகுக்குக் கம்பி கணக்குப் போடுகிற மாதிரி ஒரு தடவைக்கு மூன்று தடவை கூட்டிப் பார்ப்பார். பத்துப் பிடி நிச்சயம் என்றால் நாலு. பத்தரை தெரிந்தாலும் நாலுதான். நான் எகிறினால், “அகலக் கால வெக்காத, எங்க நிக்கிறன்னு பாரு” என்பார். “ஏகாம்பரம் சார் கேட்டா கேட்டதுதான், அப்பீலே இல்ல” என்று மன்றமே சொல்லும். அந்தப் பெயர்தான் பிற்பாடு எங்கள் கழுத்தை அறுத்தது.

கிளியனூரில் ஒரு கேள்வி

ஓய்வு பெற்ற பிறகு திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடியேறினோம். ஞாயிறு தவறாமல் விழுப்புரம் போவது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் புதுச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். கிளியனூர் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார். அவித்த மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். வாங்கத்தான் போகிறார் என்று நான் பையில் சில்லறை தேடினேன்.

“திண்டிவனத்துக்கு எப்படிம்மா போறது?” என்று கேட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். “நேராதான் சார். இந்த ரோட்டு மேலயே போங்க” என்றாள்.

அந்தச் சாலையின் இருபக்கமும் எந்த ஏரி எப்போது நிரம்பும், எந்தக் கால்வாய் எங்கே தூர்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார் அவர். வண்டியை எடுத்துக்கொண்டு, “சும்மா கேட்டேன்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவளிடம் நான் வாங்கிய மல்லாட்டைப் பொட்டலம் மடியில் சூடாக இருந்தது. வீடு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பிரிக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பித் தெருவில் ஓடும். பால்காரரிடம் அரை மணி நேரத்துக்குள் மறுபடி பால் கேட்பார். பெங்களூரில் இருக்கும் மகள் கயலிடம் சொன்னேன். அவள் பதறிப்போய், புதுச்சேரியில் ஒரு நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

அவர் வர மறுத்தார். நான் எப்படியெல்லாமோ கெஞ்சினேன். கோபித்துக்கொண்டு ஒருவேளை சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

“ஞாயித்துக்கெழம கிளப்புக்குப் போறோம். ஜபருல்லா பாய் இருப்பாரு, தேவசகாயம் இருப்பாரு. ஒரே ஒரு கையில என் கணக்கு தப்பிச்சின்னு வெச்சிக்கோ, மறுநாளே நீ சொல்ற டாக்டராண்ட வர்றேன். தப்பலன்னா இந்தப் பேச்ச உட்டுடணும். இன்னா சொல்ற?”

“சரிங்க” என்றேன்.

எனக்கு அது பெரிய விட்டுக்கொடுப்பாகப்பட்டது. அவர் இருந்த நிலையில், ஒரு சாயந்திரம் முழுக்கக் கணக்குத் தப்பாமல் ஆடவே முடியாது என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயிலுக்குப் போகிறவள் மாதிரி குளித்துக் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இவர் இன்றைக்குத் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

மூன்றும் நாலும்

எங்களுக்கு எதிராக ஆடியவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஜபருல்லா பாய் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் பல வருஷம் இருந்து அங்கேயே பிரிட்ஜ் கற்றுக்கொண்டவர், இப்போது விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். தேவசகாயம் சாருக்குக் கண்டாச்சிபுரம் பக்கம். அடுத்தவர் நிலத்தில் களையெடுத்த அப்பா அம்மா படிக்க வைத்து, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்ததே என் வீட்டுக்காரர்தான்.

முதலில் சில கைகள் சாதாரணமாகப் போயின. சின்னக் கேள்வி, சின்ன ஆட்டம். அவர் ஒன்றும் தப்புச் செய்யவில்லை.

அப்புறம் அந்தக் கை வந்தது. அவர் ஹார்ட் கேட்டார், நான் ஆமோதித்தேன். உடனே, “நாலு நோ-டிரம்ப்” என்றார்.

அது ஒரு கேள்வி. ‘உன் கையில் எத்தனை ஏஸ் இருக்கிறது?’ என்று அர்த்தம்; ஒவ்வொரு இனத்திலும் ஆகப் பெரிய சீட்டு ஏஸ். நான் ஐந்து கிளப் என்றால் ஒன்றுமில்லை, ஐந்து டைமண்ட் என்றால் ஒன்று, ஐந்து ஹார்ட் என்றால் இரண்டு. கட்டில் மேல் உட்கார்த்தி எனக்கு அவர் மனப்பாடம் செய்ய வைத்த முதல் பாடமே அதுதான்.

என்னிடம் ஹார்ட் ஏஸும் டைமண்ட் ஏஸும் இருந்தன. “அஞ்சு ஹார்ட்டு” என்றேன்.

அப்போதுதான் அவர் ஏழு என்றார். மீதி இரண்டு ஏஸும் அவரிடம் இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? கேட்டவர் ஏகாம்பரம் சார்.

முதல் சீட்டு இறக்க வேண்டியவர் தேவசகாயம் சார். தாடையைத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். ஏழு கேட்டவருக்கு எதிராக முதலில் துருப்பை இறக்குவதுதான் பத்திரம் என்பது என் வீட்டுக்காரர் அவருக்குச் சொல்லித் தந்த பாடம். அந்தப் பாடத்தை மதித்து ஒரு சின்ன ஹார்ட்டை இறக்கினார்.

என் சீட்டுகளை விரித்து வைத்தேன். எங்கள் மன்றத்தில் டம்மி எழுந்து போய் ஜோடியின் கையை எட்டிப் பார்க்கிற வழக்கம் உண்டு. பெரிய போட்டிகளில் விடமாட்டார்கள், நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்தானே. நானும் எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவர் கையில் இருந்தது ஒரே ஒரு ஏஸ். கிளப் ஏஸ்.

ஸ்பேடில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஏழு. ஸ்பேடு ஏஸ் எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை. இரண்டும் ஒன்றும் மூன்று என்பது தெரியாமல், அல்லது ஏஸ் மொத்தம் நாலு என்பது தெரியாமல், என் வீட்டுக்காரர் பதின்மூன்று பிடி கேட்டிருக்கிறார்.

முட்டாள்தனமான சந்தோஷம் ஒன்று எனக்குள் பொங்கியது. தப்பிவிட்டது. கணக்குத் தப்பிவிட்டது. நாளைக்கு டாக்டர்.

ஏஸா, எட்டா

ஆனால் ஆட்டம் இன்னும் முடியவில்லை. தேவசகாயம் சார் ஸ்பேடை இறக்காமல் துருப்பை இறக்கிவிட்டார். இனி அவர்கள் கைக்கு ஆட்டம் போனால்தான் அந்த ஸ்பேடு ஏஸுக்கு உயிர் வரும்.

திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மூன்று சுற்றில் எதிராளிகளின் துருப்பு முழுவதையும் பிடுங்கி எடுத்தார். அதோடு என் துருப்புகளும் தீர்ந்தன. தப்பிக்க ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது.

அவரிடம் டைமண்டில் ராஜாவும் ராணியும் மட்டும். என் பக்கம், மேசையில், ஏஸும் ஜாக்கியும் பத்தும் ஒன்பதும் எட்டும், அடியில் ஒரு மூன்றும் வரிசையாகக் கிடந்தன. ராஜாவை ஆடி, அதன் மேல் என் மூன்றைப் போடச் சொல்லிப் பிடி எடுத்தாயிற்று. அடுத்து அவர் ராணியை இறக்கும்போது, ஜெயிக்கப்போகிற தன் ராணி மேலேயே என் ஏஸைத் தூக்கிப் போடச் சொல்ல வேண்டும். பார்க்கிறவனுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஒரே பிடியில் இரண்டு பெரிய சீட்டு வீண். ஆனால் அப்படிச் செய்தால்தான் ஆட்டம் என் பக்கம் வரும். வந்தால், என் மீதி டைமண்டுகளை ஒவ்வொன்றாக ஆடி, அவற்றின் மேல் அவர் அந்த ஸ்பேடு ஏழை எறிந்துவிடலாம். எட்டைப் போடச் சொன்னால் ஆட்டம் அவர் கையிலேயே மாட்டிக்கொண்டு, தோல்வி நிச்சயம்.

ராணியை இறக்கினார். தேவசகாயம் சார் ஒரு சின்னச் சீட்டைப் போட்டார். நான் என்ன போட வேண்டும் என்று அவர் சொல்லக் காத்திருந்தேன்.

சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டு என்று சொல்லுங்கள். மனசுக்குள் கெஞ்சினேன். எட்டு என்று சொல்லுங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்த மாதிரி இதையும் மறந்துவிடுங்கள். உங்களை எனக்குத் திருப்பிக் கொடுக்கிற வழி எங்காவது இருந்தால், அது இந்த எட்டில்தான் இருக்கிறது. கட்டை விரலை மேசைக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். டம்மி பேசக் கூடாது.

“ஏஸ் போடு” என்றார்.

ஒரு பெரிய ஆட்டக்காரர் போட வேண்டியதைத்தான் போட்டார். நாலு ஏஸை எண்ணத் தெரியாத தலைக்குள் அந்த இடம் மட்டும் எப்படிப் பழுதாகாமல் இருந்தது? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஏஸை எடுத்து ராணி மேல் வைத்தேன். பிறகு ஜாக்கியை ஆடச் சொன்னார், தன் ஸ்பேடு ஏழை அதன் மேல் போட்டார். முடிந்தது கதை. பதின்மூன்றும் எங்களுக்கு.

போண்டா

ஜபருல்லா பாய் தன் கையிலிருந்த ஸ்பேடு ஏஸை மேசையில் அறைந்தார்.

“இத்தப் பாருங்க! கடசி வரிக்கும் கையிலயே வெச்சினு குந்திக்கினு இருந்தேன்! எடுக்க முடியாதுன்னு சவால் உடலாம்னுதான் வாய் வரிக்கும் வந்திச்சி. ஆனா ஏழு கேட்டது யாரு? ஏகாம்பரம் சாரு. சாரு கையில ஸ்பேடே இருக்காது, நம்ம ஏஸு செல்லாதுன்னு நெனச்சிட்டேன்.”

“நானும் அத்தான் நெனச்சேன். இல்லாங்காட்டி எவனாவது ஏழு கேப்பானா?” என்றார் தேவசகாயம் சார்.

அவர்கள் சொன்னது நிஜம். இதே கேள்வியை நான் கேட்டிருந்தால் பாய் அந்த நிமிஷமே சவால் விட்டிருப்பார், தேவசகாயம் சார் துருப்பைத் தொட்டிருக்க மாட்டார். காலமெல்லாம் தப்புச் செய்யாத மனிதர் செய்த ஒரே தப்பு என்பதால் அது தப்பாகவே தெரியவில்லை.

எதிராளியைக் கிராண்ட் ஸ்லாம் எடுக்க விட்டவர்கள் மன்றம் முழுவதற்கும் போண்டா வாங்கித் தருவது எங்கள் வழக்கம். ரம்மி ஆடுகிறவர்கள், கேரம் ஆடுகிறவர்கள், எல்லோரும் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். கை தட்டினார்கள். யாரோ அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். சூடான போண்டாவைப் பிட்டுத் தேங்காய்ச் சட்னியில் தோய்த்து அவர் என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கையிலேயே வைத்திருந்தேன்.

அவர் சும்மா இருக்காமல், “எங்க வூட்டம்மா என்னிய டாக்டராண்ட இட்டுக்கினு போறாங்களாம். எனக்கு மறதியாம்!” என்றார்.

அறை அதிரச் சிரித்தார்கள். “இந்தத் தலைக்கா, டீச்சர்? இந்தத் தலைய எங்களுக்கு வாடகைக்குக் குடுங்க” என்றார் ஒருவர்.

பஸ்ஸில் வரும்போது நான் விடவில்லை. “நான் அஞ்சு ஹார்ட்டு சொன்னனே, அப்படின்னா எத்தினி ஏஸுங்க?”

“ரெண்டு.”

“உங்க கையில?”

“ஒண்ணு.”

“அப்ப எப்பிடி ஏழு கேட்டீங்க?”

“எப்பிடின்னா? எல்லாந்தான் இருந்திச்சே.”

“ஒரு கட்டுல மொத்தம் எத்தினி ஏஸு?”

ஜன்னல் பக்கம் திரும்பினார். விக்கிரவாண்டி தாண்டிக்கொண்டிருந்தோம். கண்ணாடியில் அவர் உதடு அசைவது தெரிந்தது. ஹார்ட்டு, டைமண்டு, கிளப்பு. அங்கே நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது. திடீரென்று என் பக்கம் திரும்பி, பஸ்ஸே பார்க்கிற மாதிரி கத்தினார்.

“பதிமூணும் எடுத்தனா இல்லியா? சும்மா பேஜாரு பண்ணிக்கினு!”

எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கயல் போன் செய்தாள். நான் எடுப்பதற்குள் அவரே எடுத்து, எந்தச் சீட்டுக்கு அடுத்து எந்தச் சீட்டு என்று ஒன்று விடாமல் சொன்னார். பிறகு என்னிடம் போன் வந்தது.

“அம்மா, அப்பா இவ்ளோ தெளிவா இருக்காரே? நீதான் ரொம்ப பயந்துக்கறியோ?” என்றாள் என் மகள். டாக்டரிடம் வாங்கிய நேரத்தை மறுநாள் காலையில் அவளே ரத்துச் செய்தாள்.

அதற்கப்புறம்

அதிர்ஷ்டம் என்றால் எல்லோரும் கும்பிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிகிறது. அன்றைக்குக் கொஞ்சம் துரதிர்ஷ்டம் இருந்திருந்தால் போதும், எங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் கிடைத்திருக்கும்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். நான் ஒளித்து வைத்திருந்த கார் சாவியை அதட்டி வாங்கிக்கொண்டார். ஒருநாள் காலை பால் வாங்கிவிட்டு வருகிறேன் என்று போனவரைக் காணோம். பொழுது சாய்கிற நேரத்தில் தேவசகாயம் சாரின் உறவுக்காரர் ஒருவர் கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். பெட்ரோல் தீர்ந்த வண்டியைச் சாலையில் விட்டுவிட்டு, ஏதோ ஒரு ஏரியின் மதகு மேல் உட்கார்ந்திருந்தாராம். தண்ணீர் எப்போது திறக்கப்போகிறார்கள் என்று போவோர் வருவோரிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மன்றத்திலும் ஏழு, ஏழு என்று கேட்க ஆரம்பித்தார். கையில் ஒன்றுமே இருக்காது. பாயும் தேவசகாயம் சாரும் எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, தெரிந்தே தப்புச் சீட்டு இறக்கித் தோற்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் அவர் சீட்டுகளைத் திருப்பி, முகம் எங்கள் பக்கமும் முதுகு தன் பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். ஜபருல்லா பாய் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் விழுப்புரம் போகவில்லை. அந்த அறை இப்போது ரம்மிக்காரர்களிடம் இருக்கிறதாம்.

கடைசியில் டாக்டரிடம் போனபோது டாக்டரான அந்தச் சின்னப் பெண் ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். சொன்னேன். “அப்பவே வந்திருந்தா மாத்திரையால கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது” என்றாள். உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆறுதல் பட்டுக்கொள்ளவும் முடியவில்லை, அழுது தீர்க்கவும் முடியவில்லை.

ஒவ்வொன்றாகப் போய்விட்டது. முதலில் ஊர் பெயர்கள் போயின, பிறகு கயல், பிறகு நான். இப்போது என்னை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிற யாரோ ஒரு நல்ல பெண் என்று நினைக்கிறார். மரியாதையாகப் பேசுகிறார். சாப்பாடு போட்டால் நன்றி சொல்கிறார். அதைக் கேட்கும்போது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வாரம் ஒரு மத்தியானம், வாசல் பக்கத்து வெளிச்சத்தில் உட்கார வைத்து அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். கையை நீட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தவர் தானாகப் பேச ஆரம்பித்தார்.

“ஒருவாட்டி ஏழு கேட்டேங்க. ஏழு ஹார்ட்டு.”

“அப்படிங்களா? எடுத்தீங்களா?”

“எல்லாத்தயும் எடுத்தேன். ராணிய இறக்கி, அது மேல ஏஸ போடச் சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “எதிர்ல ஒரு அம்மா இருந்தாங்க. என் பார்ட்னரு. நல்லா ஆடுவாங்க. அவங்க மட்டும் சிரிக்கல.”

என் கை நின்றுவிட்டது.

“நான் தோக்கணும்னு வேண்டிக்கினு இருந்தாங்க. மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிச்சி. எட்டுன்னு சொல்லிடலாமான்னு கூட பாத்தேங்க, அவங்களுக்கோசரம். கொஞ்ச நேரம் சும்மாவே குந்தினு இருந்தேன். அவ்ளோ நல்ல கை... உட மனசு வரல.”

அவரே தொடர்ந்தார்.

“நான் அவங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணேன்னு தெரியல. நீங்க எங்கனா பாத்தா, கேட்டுச் சொல்லுங்க.”

“கேட்டுச் சொல்றேங்க” என்றேன். அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டேன்.